தலைக்கா, வண்டிக்கா?

சென்னையில் ஆட்டோ ஏற இரண்டு வழி. காலி வண்டியைக் கைகாட்டி நிறுத்தினால் வண்டிக்கு வாடகை. ஏற்கெனவே ஆள் நிறைந்த ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு ஏறினால் தலைக்கு இவ்வளவு. யாழ்ப்பாணத்தில் முதல் வழி மட்டும்தான். சந்தியில் நிற்கும் ஓட்டோவில் ஒருவர் போனாலும் மூவர் போனாலும் ஒரே காசு. முன்பின் தெரியாதவரை வழியில் ஏற்றும் வழக்கம் அங்கே ஊன்றவில்லை.

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் மாலை நேரம் நின்று பாருங்கள். ஓட்டுநருக்கு இருபக்கமும் ஒவ்வொருவர் தொற்றியிருப்பார்; பின்னால் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதும். எந்த அதிகாரியும் இதைத் திட்டமிடவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வழிநெடுக ஏற்றி இறக்கித் தனித்தனியே கட்டணம் வாங்கும் உரிமை பேருந்து போன்ற வண்டிகளுக்குத்தான் உண்டு. ஒப்பந்த வாடகை வண்டிக்கு இல்லை. அரசும் போலீசும் எப்போதாவது அபராதம் போட்டுவிட்டு, மற்ற நாளில் பார்த்தும் பாராமல் இருக்கின்றன.

ஆனால் ஷேர் ஆட்டோவைப் புகழ்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பேருந்து போகாத இடத்துக்கு அதுவும் அவ்வளவாகப் போவதில்லை. பேருந்து பிதுங்கி வழியும் சாலையில்தான் அதற்குப் பிழைப்பு. உள்தெருவில் இருப்பவர் பெருஞ்சாலை வரை நடந்தே ஆகவேண்டும். இதற்காகத்தான் தமிழ்நாட்டில் 1997இல் மினிபஸ் திட்டம் வந்தது. 2013இல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிறிய பேருந்துகளை விட்டது. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினிபஸ் திட்டத்தில், தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும், அதில் 65 சதவீதமாவது பேருந்தே இல்லாத பாதையாக இருக்கவேண்டும். மினிபஸ் முதலாளியைத் தன்போக்கில் விட்டால் கூட்டம் இருக்கும் சாலைக்கே ஓடுவார் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வளவும் வேலியுமாக வீடுகள் பரந்து கிடக்கின்றன. ஆட்கள் சேர்வது சந்தையிலும் சந்தியிலும்தான். அதற்கேற்ற வண்டியாக இருந்தது தட்டிவான். கொடிகாமம் – பருத்தித்துறைப் பாதையில் அண்மைக் காலம் வரை ஓடியது. பழைய இங்கிலாந்து எஞ்சின், மரத்தில் அடித்த உடல், பின்னால் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி. தட்டியில் வாழைக்குலையும் மரக்கறி மூட்டையும் சைக்கிளும் ஏறும். உள்ளே அவற்றின் சொந்தக்காரர் இருப்பார். சந்தைக்குப் போகிறவருக்கும் சரக்குக்கும் சேர்த்து யோசித்த வண்டி அது. ஷேர் ஆட்டோக்காரருக்கோ மூட்டை என்றால் ஒரு தலைக்கான இடம் போச்சு என்ற கணக்கு.

தட்டிவானின் இடத்தை மினிபஸ் எடுத்தது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழித்தட அனுமதி தருவது வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. ஆனால் அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் யார் எத்தனை மணிக்கு எடுப்பது என்று இன்னும் பிணங்கிக்கொண்டிருக்கின்றன. பொழுதுபட்டால் கிராமத்துப் பாதைகளில் இரண்டுமே அருகிவிடும்.

2022 எரிபொருள் நெருக்கடியில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு முதலில் வாரத்துக்கு 5 லீற்றர்தான். பகிர்ந்து போகும் ஓட்டோ பிறக்க அதைவிட நல்ல வேளை வாய்க்காது. அப்போதும் அது பிறக்கவில்லை. சனம் சைக்கிளை எடுத்தது. ஓட்டோக்காரர் வாடகையைக் கூட்டினார்.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. பஸ் ஓய்ந்தபின், சுன்னாகம், கொடிகாமம் போன்ற சந்திகளிலிருந்து ஒன்றிரண்டு பாதைகளில் மட்டும் தலைக்குக் கட்டணம் வாங்க ஓட்டோக்களை விடலாம். பஸ் முதலாளிகளுக்கு அந்நேரத்தில் இழக்க ஒன்றுமில்லை. முறுகப்போவது ஓட்டோத் தரிப்பிடத்தில் நிற்பவர்கள்தான். முழு வாடகை கொடுப்பவர் அவர்களுக்குக் கிடைப்பதும் அந்த இருட்டில்தானே.