முதியோர் அருட்பணியும் இளையோரும்: இரு வாழ்க்கை வரலாறுகள் குறித்து ஒரு திறனாய்வு

ஓய்வு பெற்ற தம்பதியர் அருட்பணிக்கெனப் புறப்படுவது நம் திருச்சபைகளுக்குப் புதிதன்று. ஆசிரியராகவோ மருத்துவராகவோ குருவாகவோ பணியாற்றி முடித்தவர்கள், பிள்ளைகளை ஆளாக்கிய பின், எஞ்சிய நாள்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து ஏதேனும் ஒரு மலையடிவாரத்துக்கோ கடலோரச் சிற்றூருக்கோ சென்று தங்குகின்றனர். அவர்களுள் பலர் நாடுவது இளையோரையே. இத்தகைய பணியை நாம் பாராட்டுகிறோம். சாட்சிக் கூட்டங்களில் எடுத்துரைக்கிறோம். ஆயினும் இறையியல் நோக்கில் அதனை ஆராய்வது அரிதாகவே உள்ளது. முதியவர் இளையோரிடம் செல்லும்போது கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? இக்கேள்வியை மனத்திற்கொண்டு, தமிழகத்தோடு தொடர்புடைய இரு நூல்களை மீண்டும் படிப்பது பயன்தரும். ஒன்று, அமெரிக்க மெதடிஸ்டு எழுத்தாளர் டோரத்தி கிளார்க் வில்சன் 1976இல் வெளியிட்ட, எவலின் பிராண்ட் அம்மையாரின் வரலாறாகிய 'கிரானி பிராண்ட்'. மற்றொன்று, ஆயர் லெஸ்லி நியூபிகின் 1985இல் வெளியிட்ட தன்வரலாறாகிய 'அன்ஃபினிஷ்ட் அஜெண்டா'.

1. எங்கிருந்து படிக்கிறோம்?

எந்த நூலும் படிப்பவர் நிற்கும் இடத்துக்கேற்பப் பொருள் தரும். இவ்விரு நூல்களையும் ஒடுகத்தூரில் நின்று படித்துப் பார்ப்போம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது இப்பேரூர். இதற்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகிய மலை ஊராட்சிகளில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும், பேருந்துக்கும், மருத்துவத்துக்கும், மேற்படிப்புக்கும் மலையிலிருந்து இறங்குவோருக்கு ஒடுகத்தூரே வாயில். இளைஞர் பலர் இவ்வாயிலைக் கடந்து கூலி வேலை தேடி வெளி மாநிலங்களுக்கும் செல்கின்றனர்.

அவ்வாறு சென்றவர் எல்லாரும் திரும்பி வரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். அவர்கள் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. மாண்டோருள் பலர் ஜவ்வாது மலை வட்டாரத்துப் பழங்குடி மக்கள். எனவே, இம்மலையடிவாரத்தில் இளையோர் நடுவே பணி என்று பேசும்போது, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் சிறுவரையோ பட்டணத்து வாலிபர் சங்கத்தையோ மட்டும் நினைப்பது போதாது. கூலிக்காக உயிரைப் பணயம் வைக்கும் தலைமுறையை நினைக்க வேண்டும். இங்கே குடியேறும் முதிய தம்பதியர் கையில் என்ன கொண்டு வருகின்றனர்? அதைக் காட்டிலும், எதனை விட்டுவிட்டு வருகின்றனர்?

2. கொல்லிமலைப் பாட்டி

எவலின் அம்மையார் 1879இல் இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, அவருடன் கொல்லிமலையில் குடியேறினார். அங்கும் வாழ்ந்தவர்கள் மலையாளி மக்களே. இருவரும் மருத்துவம், பள்ளி, வேளாண்மை எனப் பல துறைகளில் உழைத்தனர். ஆனால் நெடுங்காலம் எவரும் அவர்களுடைய செய்திக்குச் செவிகொடுக்கவில்லை. மலையின் பூசாரி ஒருவர் சாகுந்தறுவாயில் தம் பிள்ளைகளை இவர்களிடம் ஒப்படைத்தார். அதன் பின்னரே மக்களின் மனம் திறந்தது என்பது வரலாறு. 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். எழுபதை நெருங்கிய வயதில், மிஷன் சங்கம் மீண்டும் அனுப்பத் தயங்கியபோது, அம்மையார் ஓராண்டு மட்டும் கேட்டுப் பெற்றுத் திரும்பினார். அது முடிந்ததும் மிஷன் பொறுப்பிலிருந்து விலகி மலைக்கே சென்றுவிட்டார். கணவரும் தாமும் சேர்ந்து கண்ட கனவை, கைம்பெண்ணாக, முதுமையில் நிறைவேற்றப் புறப்பட்டார். 1974இல், 95ஆம் வயதில், மலைப்பணியிலேயே அவர் வாழ்வு நிறைவுற்றது. வாழவந்தியில் கணவர் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

வில்சன் அம்மையார் இவ்வரலாற்றை உள்ளம் உருக எழுதியுள்ளார். டாக்டர் ஐடா ஸ்கடர், டாக்டர் பால் பிராண்ட் ஆகியோரின் வரலாறுகளையும் எழுதிய அவருக்கு, ஒரு வாழ்வைக் காட்சிகளாக நிறுத்தும் ஆற்றல் கைவந்தது. எனினும் அந்த ஆற்றலே நூலின் குறையாகவும் அமைகிறது. மையத்தில் நிற்பவர் ஒருவரே. தளராத மனவுறுதியே கதையின் உயிர். குதிரையிலிருந்து விழுகிறார், எலும்பு முறிகிறது, இரு மூங்கில் கோல்களை ஊன்றி மீண்டும் எழுகிறார். படிப்பவர் வியக்கிறார். ஆனால் குதிரையைப் பிடித்து நடத்தியவர் யார்? முறிந்த எலும்போடு கிடந்தவரை மலையிறக்கியவர் யார்? அம்மொழியையும் அவ்வழியையும் அவருக்குக் காட்டியவர் யார்? தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவர் மலையில் தனித்து வாழ்தல் இயலாது. மலையின் இளம் ஆண்களும் பெண்களும் அவரைத் தாங்கினர் என்பதே அதன் பொருள். வீரகாவியமாக எழுதப்பட்ட இடத்தில் உண்மையில் இருந்தது ஒரு குடும்ப உறவு.

நரம்புச் சிலந்தி நோயை மலைகளிலிருந்து அகற்ற, குடிநீர்க் கிணறுகளைப் பாதுகாக்கும்படி அவர் ஊர் ஊராக வற்புறுத்தியதை அவர் மகன் பால் பிராண்ட் எழுதியுள்ளார். ஆனால் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கல் சுமந்தவர்கள் அவ்வூரார். அம்மையார் சொன்னதை அவர்கள் நம்பினர்; ஏனெனில் அவர் அவர்களுடைய பாட்டியாகியிருந்தார். சான்றிதழோ பதவியோ மிஷன் சங்கத்தின் அதிகாரமோ அப்போது அவரிடம் இல்லை. பதவி நீங்கிய பின்னரே அவர் பணி ஆழ்ந்தது என்பதே இந்நூல் தரும் முதன்மையான இறையியல் செய்தி. நூலாசிரியர் அதனைச் செய்தியாக எடுத்துரைப்பதில்லை. நாம்தான் தேடிப் பெற வேண்டியுள்ளது.

3. இரு பெட்டிகளும் ஒரு முதுகுப்பையும்

நியூபிகினின் தன்வரலாறு வேறு வகையானது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது 37 வயதிலேயே மதுரை–இராமநாதபுரம் பேராயரானவர் அவர். அவரினும் மூத்த குருமார் பலர் அந்த இளைஞரின் தலைமையை ஏற்றனர் என்பதை நம் சபைகள் நினைவிற்கொள்ள வேண்டும். 1974இல் சென்னைப் பேராயராக ஓய்வு பெற்றபோது, அவரும் அவர் துணைவியார் ஹெலனும் இரு பெட்டிகளோடும் ஒரு முதுகுப்பையோடும், தரைவழியே, பெரும்பாலும் பேருந்துகளிலேயே பயணம் செய்து இங்கிலாந்து சென்றனர். பர்மிங்காமில் உள்ள செல்லி ஓக் கல்லூரிகளில், அருட்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கு 1979வரை கற்பித்தார். பின்னர், மூடப்படவிருந்த ஒரு சிறு சபையை, வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரே இருந்ததை, தாமே முன்வந்து ஏற்றார். அப்போது அவருக்கு வயது 70.

அங்கே அவர் கண்டது எண்ணத்தக்கது. சொந்த நாட்டாரின் வீடுகளில் சுவிசேஷத்துக்குக் கதவு அடைபட்டது. ஆசியாவிலிருந்து குடியேறியோரின் வீடுகளில் அவருக்கு வரவேற்பு இருந்தது. இந்தியாவில் சந்திக்காத அலட்சியத்தைத் தாய்நாட்டில் சந்தித்தார். அதைக் கண்டு மனங்கசந்து ஒதுங்காமல், மேற்கத்தியப் பண்பாட்டையே ஓர் அருட்பணிக் களமாகக் கருதி ஆராயத் தொடங்கினார். 1983இல் வெளிவந்த '1984இன் மறுபக்கம்' என்னும் பொருள்பட்ட சிறுநூல் அவ்வாராய்ச்சியின் தொடக்கம். அவருடைய சிந்தனையில் உலகம் இன்று பெரிதும் மதிக்கும் பகுதி, பேராயர் பதவியில் எழுந்ததன்று. விருந்தினராக வாசற்படியில் நின்றபோது எழுந்தது. இளம் மிஷனரியாகக் காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து, சுவேதாசுவதர உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறிமாறிப் படித்தவர் அவர். தரையில் அமரக் கற்றவருக்கு முதுமையில் வாசற்படியில் நிற்பது கடினமாக இருந்திருக்காது.

இந்நூலுக்கும் ஒரு குறை உண்டு. தன்வரலாறாதலின், ஹெலன் அம்மையாரின் குரல் கணவர் வாயிலாகவே நம்மை வந்தடைகிறது. மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர்; கணவரோடு வாழ்நாளெல்லாம் பணி செய்தவர். பேராயரின் ஓய்வைப் பற்றி நூல் பேசுகிறது. பேராயரின் மனைவிக்கு ஓய்வு எப்போது? முதிய தம்பதியரின் பணி என்று நாம் பேசும்போது, கணவர் வேதம் போதிக்க, மனைவி தேநீர் தயாரிப்பதாகவே பெரும்பாலும் கற்பனை செய்கிறோம். கொல்லிமலையில் மனைவி ஒருவர் தனித்து நின்று ஆற்றிய பணி, இக்கற்பனைக்குத் தக்க மறுப்பு.

4. திருமறை காட்டும் வழி

இத்தகைய வரலாறுகளைச் சொல்லும்போது நம் பிரசங்கிகள் காலேபை நினைப்பது வழக்கம். 85ஆம் வயதில் மலைநாட்டைத் தனக்குத் தரும்படி யோசுவாவிடம் கேட்டவன் அவன். ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் இப்பகுதியை எடுத்துப் பேசுமுன் சற்று நிதானிக்க வேண்டும். காலேப் கேட்ட மலையில் முன்பே மக்கள் குடியிருந்தனர். அவன் அவர்களைத் துரத்தினான். பழங்குடி மக்களின் செவியில் அக்கதை எவ்வாறு ஒலிக்கும்? காட்டையும் நிலத்தையும் பிறர் கைப்பற்றிய நினைவுடையோர்க்கு அது நற்செய்தியாக ஒலிக்குமா? மேலும், நம் பிரசங்கம் 14ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த அதிகாரத்தில் காலேபின் மகள் அக்சாள் தந்தையிடம் வருகிறாள். கிடைத்த நிலம் வறண்டது. எனவே நீரூற்றுகளைக் கேட்கிறாள். அவன் மேலூற்றையும் கீழூற்றையும் கொடுக்கிறான். முதியவன் மலையைப் பெற்றதைக் காட்டிலும், இளையவள் தனக்கு வேண்டியதைத் தன் வாயால் கேட்டதும், அவன் மறுக்காமல் கொடுத்ததுமே நமக்கு வழிகாட்டி.

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் இன்னும் நெருக்கமான சான்று. அவர்களின் வயதைத் திருமறை சொல்லவில்லை; ஆயினும் விசுவாசத்தில் மூத்தவர்கள். உரோமையிலிருந்து துரத்தப்பட்டு, கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர்கள். எபேசுவில் கல்வியும் சொல்வன்மையும் மிக்க அப்பொல்லோவின் போதனையில் குறை கண்டபோது, ஜெப ஆலயத்தில் எழுந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு விளக்கினர். பின்னர் அவன் அகாயாவுக்குச் செல்ல விரும்பியபோது, சகோதரர் அவனை ஊக்கப்படுத்திப் பரிந்துரைக் கடிதம் எழுதி அனுப்பினர். அவனைத் தங்கள் உதவியாளனாக எவரும் நிறுத்தி வைக்கவில்லை. சேர்த்துக்கொள்ளுதல், கற்பித்தல், போகவிடுதல் என்னும் மூன்றும் அங்கே நிறைவுற்றன. நம்மிடையே முதலிரண்டும் உண்டு, மூன்றாவது அரிது.

ஏலியையும் மறத்தலாகாது. கண் மங்கிய அம்முதியவர், சிறுவன் சாமுவேலை அழைப்பவர் ஆண்டவரே என உணர்ந்து வழிகாட்டினார். மறுநாள் தம் வீட்டுக்கு எதிரான தீர்ப்பை அச்சிறுவன் வாயிலாகவே கேட்டுப் பணிந்தார். இளையோருக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பவர், அவர்கள் கேட்டு வந்து சொல்வதை ஏற்கவும் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

5. நம் சபைகளுக்கு

ஜவ்வாது மலைக்கு மேற்கே, திருப்பத்தூரில், 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனையும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனையும் மக்கள் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். எவலின் அம்மையார் பாட்டியானார். உறவுப் பெயரால் அழைக்கப்படுவது பெரும் பேறு. அதில் ஓர் இடரும் உண்டு. தாத்தா, பாட்டி என்று அழைத்தபின், நம் பண்பாட்டில் இளையோர் எதிர்த்துப் பேசுவது கடினம். அவர்களுடைய மௌனத்தைச் சம்மதம் எனக் கொள்ளும் தவறு எளிதில் நேரும்.

முதுமையும் அதிகாரமும் நம் திருச்சபையில் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. 2022இல் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்த எடுக்கப்பட்ட முடிவு நீதிமன்றங்கள்வரை சென்றது. இருக்கையை விட மனமில்லாத சூழலில், இருக்கை ஏதுமில்லாத ஓரிடத்துக்கு ஒரு முதிய தம்பதியர் சென்று அமர்வது தன்னிலேயே ஒரு தீர்க்கதரிசனச் செயல். ஆனால் பட்டணத்தில் இழந்த தலைமையை மலையடிவாரத்தில் மீண்டும் பெறும் வழியாக அது மாறினால், சாட்சி கெடும்.

ஒடுகத்தூரில் குடியேறும் தம்பதியரை எண்ணிப் பார்ப்போம். முதலாண்டில் அவர்கள் கூட்டம் எதுவும் நடத்தத் தேவையில்லை. மலையிலிருந்து இறங்கும் மாணவி பேருந்துக்குக் காத்திருக்க ஒரு திண்ணை, விண்ணப்பத் தாளை நிரப்ப ஒரு மேசை, வெளி மாநிலம் செல்லும் இளைஞன் எங்கே, யாருடன் செல்கிறான் என்று அக்கறையோடு கேட்க ஒருவர், திரும்பாதவனின் தாயோடு காவல் நிலையத்துக்குச் செல்ல இருவர்: இவை போதும். மலைமக்களின் பேச்சையும் வழக்கையும் அந்த இளையோரே அவர்களுக்குக் கற்பிக்கட்டும். வேதபாடம் கேட்கப்படும்போது கொடுக்கப்படட்டும். சில ஆண்டுகளில் அத்திண்ணையின் பொறுப்பு மலையைச் சேர்ந்த ஓர் இளையவரின் கையில் இருக்கட்டும். முதியவர் அங்கே விருந்தினராக அமரட்டும்.

வில்சனின் நூல் மனவுறுதியைக் கற்பிக்கிறது. நியூபிகினின் நூல் தொடர்ந்து சிந்திக்கும் துணிவைக் கற்பிக்கிறது. இரண்டையும் நம் மாணவர் படிக்க வேண்டும். படிக்கும்போது, குதிரையைப் பிடித்தவரையும், கதவைத் திறந்தவரையும், பெயர் சொல்லப்படாத துணைவரையும் வரிகளுக்கிடையே தேட வேண்டும். அவர்களைக் கண்டவரே, நாளை தாம் முதியவராகும்போது, தாங்கப்படுவதற்கு நாணாமல் இளையோரிடம் செல்லத் தகுதியுடையவர்.