பக்கத்து அறைக்குப் போகும் கோப்பு

ஹாலில் இருக்கும் கணினியிலிருந்து பக்கத்து அறை மடிக்கணினிக்கு ஒரு கல்யாண வீடியோவை அனுப்பவேண்டும் என்றால், நம்மில் பலர் அதை முதலில் இணையத்தில் ஏற்றுகிறோம், பிறகு அங்கிருந்து இறக்குகிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் போகவேண்டிய கோப்பு எங்கோ ஒரு சர்வர்வரை போய்த் திரும்புகிறது. இல்லையென்றால் பென் டிரைவைத் தேடுகிறோம். ஒரே ரௌட்டரில் இணைந்த கணினிகளுக்கு இரண்டுமே தேவையில்லை.

ஒரு கணினியின் ஃபோல்டரை இன்னொன்று நேரடியாகத் திறக்க உதவும் எஸ்எம்பி என்ற நெறிமுறை 1980களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்தெடுத்தது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கிய சாம்பா, லினக்ஸ் கணினிகளையும் அதில் சேர்த்தது. கோப்பை வைத்திருக்கும் கணினி 445ஆம் போர்ட்டில் காத்திருக்கும். கேட்கும் கணினி பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் ஃபோல்டர் திறக்கும். கோப்பின் எந்தப் பகுதியைக் கேட்கிறோமோ அது மட்டும் வரும் என்பதால், 20 ஜிபி வீடியோவை நடுவிலிருந்தும் ஓட்டிப் பார்க்கலாம். கிகாபிட் கேபிள் இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 110 எம்பி போகும். அந்த வீடியோ மூன்று நிமிடங்களில் வந்து சேரும். இணைய டேட்டா துளியும் செலவாகாது. குடும்பப் படங்கள் வீட்டை விட்டு வெளியே போவதும் இல்லை. எஸ்எம்பியைப் பயன்படுத்த எனக்கு இதுதான் பெரிய காரணம்.

குறை, இந்தப் பகிர்வை அமைக்கும் இடத்தில் தொடங்குகிறது. விண்டோஸில் அனுமதி இரண்டு அடுக்காக இருக்கிறது: பகிர்வுக்கு ஒன்று, டிஸ்கில் உள்ள ஃபோல்டருக்கு ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். எது தடுக்கிறது என்று திரையில் தெரியாது. அலுத்துப்போனவர் ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு எதிரே ‘ஃபுல் கன்ட்ரோல்’ குறியைப் போட்டு, பாஸ்வேர்டையும் எடுத்துவிடுகிறார். உடனே வேலை செய்கிறது. அதன்பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. விண்டோஸ் 7 காலத்து ஹோம்குரூப் இந்தச் சிக்கலை ஒரே பாஸ்வேர்டில் தீர்க்கப் பார்த்தது. 2018இல் அதை விண்டோஸ் 10இலிருந்து நீக்கினார்கள். அது தவறு என்றே இன்னமும் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் முழு அனுமதிதான் இருந்தது. ஒருநாள் உள்ளறை மடிக்கணினியில் யாரோ ‘பழைய படங்கள்’ ஃபோல்டரை அழித்துவிட்டார்கள். ரீசைக்கிள் பின்னில் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு கணினியிலும் தேடினேன், இரண்டும் காலி. நெட்வொர்க் வழியாக அழித்தது பொதுவாக அங்கே போவதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒரு கணினியில் நுழைந்தாலும் இதே கதிதான்: எழுதும் அனுமதி உள்ள ஃபோல்டர்களையெல்லாம் அது பூட்டிவிடும்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர், எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனின் மருத்துவமனைகள்கூடத் திணறின. அதை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. ஆனாலும் அந்த முதல் பதிப்பை மட்டுமே புரிந்துகொள்ளும் பழைய நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஒன்றுக்காக அதை மறுபடி இயக்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியை மாற்றுவதுதான் சரி.

எஸ்எம்பியை விடச்சொல்ல மாட்டேன். பகிர்ந்த ஃபோல்டரில் ‘எவ்ரிஒன்’ இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். படங்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். இன்னொரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி வையுங்கள்.