டக்... டக்... எங்கிருந்து?

ஃபோர்-வீல் டிரைவ் வண்டியை ஸ்டியரிங் முழுக்க ஒடித்து மைதானத்தில் வட்டமடிக்கச் சொல்லிவிட்டு, மெக்கானிக் கூடவே நடக்கிறார். டக் டக் டக்.

திருப்பத்தில் மட்டும் கேட்டால், சந்தேகம் முன்சக்கர சிவி ஜாயிண்ட் மீதுதான். ஆல்ஃபிரட் ரெசப்பா 1920களில் வடிவமைத்த வகை அது; உள்ளே ஆறு எஃகுக் குண்டுகள். ரப்பர் பூட் கிழிந்து மண் புகுந்தால், குண்டு ஓடும் பள்ளம் தேய்ந்துவிடும்.

நேராக ஓடும்போதும் கேட்டால்? இங்கேதான் கணக்கு அழகாகிறது. ஆக்சில் பல்விகிதம் 4:1 என்றால், சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள், ஆக்சிலைச் சுழற்றும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றிவிடும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுகிறார். சுற்றுக்கு ஒரு தட்டல் என்றால் சக்கரப் பக்கம். நான்கு என்றால் ஷாஃப்ட் பக்கம்.

நான்கு!

அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் முறுக்கி அசைக்கிறார். ஷாஃப்டை இணைக்கும் யூ-ஜாயிண்ட் கப்பின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருப்பொடி. கிரீஸ் வற்றி, உள்ளே ஊசி பேரிங் அரைபட்டதன் தடயம். அதை விரலில் தொட்டெடுத்து வெளிச்சத்தில் காட்டுகிறார்.