மணிக்கணக்கை விடுவோம், கிலோமீட்டரைக் கணக்கிடுவோம்

நெடுந்தூர பைக் ஓட்டத்துக்கு இன்று உலகம் முழுவதும் செல்வாக்குள்ள அளவுகோல் ஒன்று உண்டு. 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,609 கிலோமீட்டர். அமெரிக்காவின் 'அயர்ன் பட் அசோசியேஷன்' வகுத்த 'சேடில்சோர்' சவால் இது. நல்ல சாலையும் புதிய வண்டியும் வந்தபின் நம் இளைஞர்களும் இந்தச் சான்றிதழுக்காகத் தங்க நாற்கரச் சாலையில் இரவு பகலாக ஓட்டுகிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதே அளவுகோலை அரை நூற்றாண்டு கடந்த பழைய வண்டிகளுக்கும் பொருத்திப் பார்க்கும் ஆசை பரவுகிறது. பழைய புல்லட்டில் ஒரே நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே வீரத்தின் அளவாகப் பேசப்படுகிறது. இது தவறான போட்டி. பழைய வண்டியின் நெடும்பயணம் உண்மையான விளையாட்டுதான். ஆனால் அதன் மதிப்பெண் கடிகாரத்தில் இல்லை. நாள்தோறும் சொந்த இன்ஜின் பலத்தில் முடித்த கிலோமீட்டரில் இருக்கிறது. இந்த விளையாட்டைச் சரியான விதிகளோடு தொடங்கத் தமிழகத்தில் மிகப் பொருத்தமான இடம் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழில் வட்டாரம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 24 மணி நேரத்தில் 1,609 கிலோமீட்டர் என்றால் சாப்பாடு, பெட்ரோல், ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 67 கிலோமீட்டர் சராசரி. நின்ற நேரத்தைக் கழித்தால் வண்டி 80, 90-லேயே ஓடியாக வேண்டும். பழைய 350 புல்லட்டின் இன்ஜின் 346 சிசி. அதன் சக்தி 18 குதிரைத்திறன். 80-ல் போக அதனால் முடியும். ஆனால் 60-ல் போவதற்கும் 80-ல் போவதற்கும் இன்ஜின் கொடுக்கும் விலை வேறு. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று கீழே திரும்பும்போது கனெக்டிங் ராடும் அதன் பேரிங்கும் தாங்கும் சுமை, இன்ஜின் சுழற்சியின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரே கியரில் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் அந்தச் சுமை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். காற்றின் எதிர்ப்பும் அதே விகிதத்தில் உயர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் சக்தியோ இரு மடங்கையும் தாண்டிவிடுகிறது. இதற்குக் கைம்மாறாகக் கிடைப்பது என்ன? 330 கிலோமீட்டர் தூரத்தை 60-ல் கடக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். 80-ல் கடக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மிச்சம் ஒரு மணி இருபது நிமிடம். பிஸ்டன் ஒரே ஒரு முறை பிடித்துக்கொண்டால் இந்த லாபம் முழுவதும் சாலையோரத்தில் போய்விடும். கிழட்டு வண்டிமாட்டை அடித்து விரட்டாதவன்தான் பொழுதோடு சந்தைக்குப் போய்ச் சேருவான் என்பதற்கு இயற்பியல் தரும் விளக்கம் இது.

பழைய இன்ஜினைச் சாய்ப்பது பெரும்பாலும் பெரிய உடைசல் அல்ல, கவனிக்காமல் விட்ட சிறிய தேய்மானம். தீப்பொறி விழும் நேரத்தை நிர்ணயிக்கும் பாயின்ட்டை எடுத்துக்கொள்வோம். புல்லட்டில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேம் மீது உரசும் சிறு ஃபைபர் குதிகால் தேயத் தேய அந்த இடைவெளி சுருங்கும். இடைவெளி சுருங்கினால் தீப்பொறி தாமதமாக விழும். தீப்பொறி தாமதமானால் எரிதல் எக்ஸாஸ்ட் வால்வு வரை நீண்டு இன்ஜின் சூடேறும். இரும்பு சிலிண்டர், காற்று மட்டுமே குளிர்விக்கும் அமைப்பு, அதன்மேல் நம் வெயில். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்போது நாம் பிஸ்டனைக் குறை சொல்கிறோம். குற்றவாளி காலையில் பார்க்காமல் விட்ட பாயின்ட். வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட்டும் அப்படித்தான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சிலிண்டரின் வலப்பக்கச் சிறு மூடியைக் கழற்றி இரண்டு புஷ்ராடையும் விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்தப் பத்து நிமிட வேலையை நாள் தவறாமல் செய்கிறவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள தூரம் மூன்றாவது நாளில் தெரிந்துவிடும். ஆகவே இங்கே சோதிக்கப்படும் திறன் மூன்று: காதால் இன்ஜினைப் படிப்பது, கையால் அதைச் சரிசெய்வது, ஆக்சிலரேட்டரை முறுக்கும் ஆசையை அடக்குவது. கடிகாரத்தோடு ஓடும் போட்டி மூன்றாவது திறனைத் தண்டிக்கிறது. அதனால்தான் அது இந்த வண்டிகளுக்கு ஒவ்வாது என்கிறேன்.

இதற்கு உலகத்தில் சோதித்துப் பார்த்த சான்று இருக்கிறது. லோனி ஐசம் ஜூனியர் 2010-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'மோட்டார்சைக்கிள் கேனன்பால்' ஓட்டம், 1916-க்கு முந்தைய வண்டிகளை அட்லாண்டிக் கரையின் கிட்டி ஹாக்கிலிருந்து பசிபிக் கரையின் சான்டா மோனிகா வரை கொண்டுபோனது. 1914-ல் இந்தியன் பைக்கில் பதினொன்றரை நாளில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்த எர்வின் 'கேனன்பால்' பேக்கரின் நினைவாக வைத்த பெயர் இது. பேக்கரின் புகழ் வேகத்தால் வந்தது. அவர் பெயரைச் சூடிய ஓட்டமோ வேகத்துக்கு மதிப்பெண் தருவதில்லை. முடித்த மைலுக்குத்தான் புள்ளி. பலர் எல்லா மைலையும் முடித்துச் சமநிலை வந்தால் சிறிய இன்ஜினுக்கும் வயதான வண்டிக்கும் முன்னுரிமை. விளைவைப் பாருங்கள். 2010-லும் 2012-லும் வென்றவர் பிராட் வில்மார்த். இரண்டு முறையும் 1913-ம் ஆண்டின் எக்செல்சியர். 2014-ல் தென்னாப்பிரிக்காவின் ஹான்ஸ் கோட்ஸே, 1924-ம் ஆண்டின் இந்தியன் ஸ்கவுட். 2016-லும் 2018-லும் டீன் போர்டிஜியோனி, 1914-ம் ஆண்டின் ஒற்றைச் சிலிண்டர் ஹார்லி. 2018-ல் 1920-களின் பிற்பகுதி வண்டிகளும் களத்தில் இருந்தன. இன்ஜினும் பிரேக்கும் அவற்றில் ஒரு தலைமுறை முன்னேறியவை. ஆனாலும் வென்றது முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டின் வண்டி. சமநிலை விதி சிறிய வண்டிக்குச் சாதகம்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அந்த விதியைத் தொட வேண்டுமானால் முதலில் ஒரு மைல்கூட விடாமல் முடித்திருக்க வேண்டும். அங்கேதான் பலர் உதிர்ந்தார்கள். ஒரே வண்டியோடு இரண்டு முறை வென்ற இருவரைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒரே இன்ஜினோடு பழகிய கைகளின் பலன் அது.

நம் புல்லட்டின் பிறப்பும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் சோதனையில் வென்ற பிரிட்டன் அணியில் புல்லட்டின் முன்மாதிரி வண்டிகளும் இருந்தன. அவற்றை ஓட்டிய சார்லி ராஜர்ஸ், விக் பிரிட்டன் இருவரும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். 1913-ல் தொடங்கிய அந்தச் சோதனையில் வண்டியின் முக்கியப் பாகங்களுக்கு முத்திரை வைத்து, அவற்றை மாற்றாமல், பழுதை ஓட்டுபவரே பார்த்து ஆறு நாளும் தாக்குப்பிடிக்க வேண்டும். அப்படித் தேறிய வண்டியைத்தான் 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் வாங்கியது. 1955-ல் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸோடு இணைந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை உருவாக்க, திருவொற்றியூரில் உற்பத்தி வேரூன்றியது. திருவொற்றியூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேரும்வரை திருவள்ளூர் மாவட்டத்து ஊர் என்பதை மறக்கக்கூடாது. தாங்கும் திறனுக்கான தேர்வில் தேறிப் பிறந்த வண்டியை வேகத் தேர்வில் உட்கார வைப்பது அதன் இயல்புக்கே பொருந்தாத செயல்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு வேக விளையாட்டின் வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் பல பத்தாண்டுகள் கூட்டத்தை இழுத்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தபின் அந்த மகுடம் தெற்கே போய்விட்டது. வடக்கே மிஞ்சியிருப்பது வேறொரு செல்வம்: கைத்தொழில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்கு, வார்ப்பு ஆலைகள், தேர்வாய்கண்டிகையின் மிஷ்லின் டயர்த் தொழிற்சாலை, காக்களூர் சிட்கோ பேட்டை, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, சற்றுத் தெற்கே அம்பத்தூரின் லேத் பட்டறைகள். பழைய வண்டிக்குக் கடையில் கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து தரவும், சிலிண்டரை அளவு பார்த்து ரீபோர் போடவும், வெடித்த வார்ப்பை ஒட்டவைக்கவும் தெரிந்தவர்கள் இந்த வட்டத்தில்தான் அடர்த்தியாக இருக்கிறார்கள். சாலையும் வாசலிலேயே இருக்கிறது. தங்க நாற்கரத்தின் மொத்த நீளம் 5,846 கிலோமீட்டர்; அதில் சென்னை–கொல்கத்தா பகுதி 1,684. கும்மிடிப்பூண்டி அந்தச் சாலையின்மேல், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் வழியாகக் கொல்கத்தாவுக்கு ஆறு நாள் ஓட்டம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 275 கிலோமீட்டர். 60-ஐத் தாண்டாமலே பகல் வெளிச்சத்துக்குள் முடியும். சேடில்சோர் ஒரே நாளில் கேட்பது கிட்டத்தட்ட இந்த மொத்தத் தூரத்தைத்தான்; இங்கே அது ஆறு நாள் பரீட்சையாகிறது.

கடிகாரம் இல்லாவிட்டால் அது சுற்றுலாதானே, விளையாட்டு எங்கே என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்வி. கடிகாரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அதன் வேலையை மாற்றச் சொல்கிறேன். நம் மோட்டார் கிளப்கள் நெடுங்காலமாக நடத்திவரும் 'டிஎஸ்டி' (நேரம்-வேகம்-தூரம்) ராலிகளில் சோதனைச்சாவடிக்குத் தாமதமாக வந்தாலும் தண்டம், முன்கூட்டி வந்தாலும் தண்டம். அந்த விதியை இங்கே எடுத்துக்கொண்டால் வேகமாக ஓட்டுகிறவருக்கு நஷ்டம் மட்டுமே மிஞ்சும். நாளின் முழுத் தூரத்தையும் முடித்தவருக்கு முழுப் புள்ளி, லாரியில் ஏறிய தூரத்துக்குப் புள்ளி இல்லை, பழுது பார்ப்பது ஓட்டுபவரும் ஒரே ஒரு துணையாளும் மட்டும். மூன்று விதிகள் போதும், வெற்றி தோல்வி தெளிவாகப் பிரிந்துவிடும்.

அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியதைச் சாலையில் தேய்க்கலாமா, பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய வண்டிதானா என்பது இரண்டாவது. ஓடாத இன்ஜினும் கெடுகிறது: ரப்பர் இறுகுகிறது, சிலிண்டர் துருப்பிடிக்கிறது, அதைவிட முக்கியமாக, அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் ஓய்வுபெற்றுப் போகின்றன. அந்தக் கைகளின் அறிவு கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாக்கப்படுவதில்லை, வேலை இருந்தால் மட்டுமே வாழ்கிறது. பாக மாற்றத்துக்கு ஆறு நாள் சோதனையே வழி காட்டிவிட்டது. ஃப்ரேம், கிராங்க்கேஸ், சிலிண்டர் மூன்றிலும் முத்திரை. டயர், கேபிள், பிளக், ரிங் போன்ற தேய்மானப் பாகங்களுக்கு அனுமதி.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: பாதுகாப்பு. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகளும் சிப்காட்டின் சரக்கு வண்டிகளும் நெருக்கும் வட்டாரத்தில் டிரம் பிரேக்கையும் 6 வோல்ட் விளக்கையும் நம்பி ஓட்டுவது விளையாட்டல்ல. இது என் வாதத்துக்கு எதிரானது அல்ல, அதற்கு வலுச்சேர்ப்பது. இரவோட்டத்தைக் கட்டாயமாக்குவது 24 மணி நேர அளவுகோல். நாள்கணக்கு அளவுகோலில் சூரிய உதயத்துக்குமுன் யாரும் கிளம்பத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில், லாரி நெருக்கம் கூடுவதற்கு முன்பே எல்லையைக் கடக்கும்படி புறப்பாட்டை வைக்கலாம். சட்டமும் இடம் தருகிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட மத்திய விதிகள், 50 ஆண்டு கடந்து அசல் உருவில் காக்கப்பட்ட வண்டிகளை 'விஏ' வரிசையில் தனியே பதிவு செய்து, பழைய வாகன ராலிகளில் ஓட்ட அனுமதிக்கின்றன. அன்றாடப் பயன்பாட்டுக்குத்தான் தடை. 1970-களின் முற்பகுதி வரை திருவொற்றியூரில் உருவான புல்லட்கள் எல்லாம் இந்த வயதை எட்டிவிட்டன. 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும் என்பது மெய்தான். பெட்ரோல் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதையும், கார்பரேட்டர் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்குவதையும் நுழைவு நிபந்தனையாக வைத்தால் தீர்ந்தது.

ஆகவே முதல் ஆண்டிலேயே கொல்கத்தாவை நினைக்க வேண்டாம். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை ஒரு தகுதி ஓட்டம். மறுநாள் கும்மிடிப்பூண்டி–நெல்லூர் போய்த் திரும்பும் முழுநாள் ஓட்டம். இரண்டையும் சொந்த இன்ஜினில் முடித்த வண்டிகளுக்கு மட்டும் அடுத்த ஆண்டின் ஆறு நாள் ஓட்டத்தில் இடம். மதிப்பெண் பட்டியலில் ஓட்டியவர் பெயருக்குப் பக்கத்திலேயே இன்ஜினைத் தயார்செய்த மெக்கானிக்கின் பெயரும் அச்சாக வேண்டும், பரிசிலும் அவருக்குப் பங்கு வேண்டும். மோட்டார் கிளப்களும் சிப்காட் நிறுவனங்களும் கைகோத்தால் இதற்குப் பெரிய செலவு இல்லை. சோழவரத்தில் ஒரு காலத்தில் வேகத்துக்குக் கைதட்டிய இந்த மாவட்டம், அதைவிடக் கடினமான ஒரு திறமைக்கு இந்தியாவின் முதல் ஒழுங்கான மேடையைக் கட்டித் தர முடியும்.