கமகத்தை விட்ட இடம்

பாட்டு வகுப்பில் சரளியும் ஜண்டையும் தாண்டிய குழந்தைக்கு டீச்சர் சொல்லித்தரும் உருப்படிகளில் ஒன்று ‘சக்தி ஸஹித கணபதிம்’. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ மாலை ஐந்து மணிக்குத் தெருவில் நடந்தால், ஏதாவது ஒரு மாடி வீட்டிலிருந்து கேட்டுவிடும். ‘நோட்டு’ என்போம். பிள்ளையார் பாட்டுதான். ஆனால் மெட்டு, ‘ஆட வருகிறீர்களா’ என்று ஒரு பெண்ணைக் கேட்கும் பிரெஞ்சு நடனப் பாட்டினுடையது. பிள்ளையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த மலரின் ஆசிரியர் குழுவினர் என்னை எழுதச் சொன்னது ‘ப்ராக் ராக்’ பற்றி. கிண்டியைச் சுற்றியுள்ள கல்லூரி மேடைகளில் கித்தாரும் வயலினும் மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கும் அந்த இசைக்கு வம்சாவளி எழுத வேண்டுமாம். எழுதலாம். ஆனால் கித்தாரில் தொடங்கினால் வழி தப்பும். நோட்டில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் வெளியூர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் ராக் இசையிலிருந்து ‘ப்ராக்ரஸிவ்’ என்றொரு கிளை பிரிந்தது. மூன்று நிமிடப் பாட்டை இருபது நிமிடத்துக்கு விரித்தார்கள். சிம்பொனியைப் போலப் பகுதி பகுதியாகக் கட்டினார்கள். நாலு எண்ணிக்கையை விட்டு ஐந்திலும் ஏழிலும் ஓடினார்கள். அதில் சிலர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இதைத்தான் கெல்டிக் சாயல் என்கிறோம். ஹார்ஸ்லிப்ஸ் என்ற ஐரிஷ் குழு 1973இல் தங்கள் நாட்டுப் பழங்காவியத்தை வைத்து ஒரு முழு இசைத்தட்டே போட்டது. மைக் ஓல்ட்ஃபீல்டின் 1975ஆம் ஆண்டு ‘ஓமடான்’ தட்டில், முழங்கையால் காற்றடித்து வாசிக்கும் ஐரிஷ் துருத்திக்குழலை பேடி மொலோனி வாசித்தார். ஜெத்ரோ டல் 1977இல் ‘சாங்ஸ் ஃப்ரம் த வுட்’ கொண்டுவந்தது.

இந்த இசையைக் கேட்கும் நம் ஊர்க் காது திகைப்பதில்லை. துருத்திக்குழல் நமக்குப் பழையது. சதிர்க் கச்சேரிகளில் துத்தி என்றும் சுருதி உபாங்கம் என்றும் பெயர்பெற்ற தோற்பை, சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. ஐரிஷ் ‘ஜிக்’ நமக்குத் திஸ்ரம்; ‘ரீல்’ நாலு எண்ணிக்கை ஓட்டம். அவர்களுடைய மெட்டுகள் பல, ஸ்வர வரிசையாகப் பார்த்தால், சங்கராபரணத்திலும் ஹரிகாம்போதியிலும் கரகரப்ரியாவிலும் மோகனத்திலும் வந்து உட்காரும். ஐந்தும் ஏழும் நமக்குக் கண்டமும் மிச்ரமும். அங்கே புரட்சியாகப் பேசப்பட்ட கணக்கை இங்கே பல்லவிக்குத் தாளம் போடும் மாமா தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அவர்கள் ஸ்வரத்தில் நிற்பார்கள், நாம் ஸ்வரத்தை அசைப்போம்; அந்த அசைவே கமகம். இந்த அசைவை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளைத்தான் நான் பள்ளிகள் என்று பிரிக்கிறேன்.

முதல் இரண்டு பள்ளிகளும் ஒரே வீட்டில் பிறந்தவை. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆதரித்தார். அவருக்குப் பின் மகன் சின்னையா முதலியார். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொழில் தொடர்பு கொண்ட குடும்பம் என்பதால் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. அந்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய ஏறக்குறைய நாற்பது உருப்படிகளே நோட்டு ஸ்வர சாகித்யங்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’ அயர்லாந்தின் மேலோ ஊர்ப் போக்கிரிகளைப் பற்றிய பாட்டின் மெட்டு. ‘ஜகதீச குருகுஹ’ ஸ்காட்லாந்தின் மெக்டொனால்டு பிரபு பெயரிலுள்ள ரீல். பாரசீகச் சாயலுள்ள ‘தாஜா ப தாஜா’வும் அவர் கையில் ஒரு நோட்டாயிற்று. கோட்டையில் கேட்டதெல்லாம் வெள்ளைக்காரச் சரக்கு மட்டுமில்லை என்பதற்கு அது சாட்சி.

இந்த உருப்படிகளை ‘விளையாட்டாகச் செய்தது’ என்று ஒதுக்கும் பெரியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விளம்ப காலத்தில், ஒரு பிடியிலேயே ராகத்தை நிறுத்திக் காட்டக்கூடியவர் தீட்சிதர். கமகம் அவருடைய மூச்சு. அவர் நோட்டில் கமகத்தை அடியோடு விட்டுவிட்டார். ரீல் ஓடுகிற வேகத்தில் ஒரு காந்தாரத்தை அசைத்தால் நடை இடறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சம்ஸ்கிருதமும் தெய்வமும் குருகுஹ முத்திரையும் தன்னுடையவை, நடை அவர்களுடையது. இந்த ஒப்பந்தத்தை அவர் எங்கும் மீறவில்லை.

தம்பி பாலுசுவாமி தீட்சிதர் போனது நேர் எதிர்த் திசை. அவர் கோட்டையிலிருந்து மெட்டை எடுக்கவில்லை, கருவியை எடுத்தார். ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குத் திருப்பினார். காலப்போக்கில் வயலின் நம் ஊரில் தரையில் உட்கார்ந்துகொண்டது. தாடைக்கடியில் இருந்தது மார்புக்கும் காலுக்கும் நடுவே இறங்கியது. தந்திகள் ஸா-பா-ஸா-பா என்று சுருதி மாறின. பிறகு அது அசைக்காத ஸ்வரமே இல்லை. அண்ணன் கமகத்தை விட்டு மெட்டைக் காப்பாற்றினார். தம்பி மெட்டை விட்டுக் கமகத்தைக் காப்பாற்றினார். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர் தன் இசை நூல்களை அச்சிட்டபோது, இந்த நோட்டுகளுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது. வீட்டுச் சொத்தை வீட்டாரே ஒதுக்கவில்லை.

அடுத்தது துக்கடாப் பள்ளி. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்டு’ மதுரை மணி ஐயர் வழியாகக் கச்சேரிக் கடைசியில் கைதட்டல் வாங்கியது. கேட்க இனிமை, ஆனால் எழுந்து பஸ் பிடிக்கப் போகும் நேரத்து இனிமை. அதற்கு மேல் அது ஆசைப்படவும் இல்லை.

நான்காவது பள்ளி ஒரே மனிதர்: இளையராஜா. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. படமில்லை, கதைச் சூழலில்லை. அதிலுள்ள ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பகுதியில் பாக்கின் தனி வயலின் உருப்படி ஒன்று அப்படியே ஓடுகிறது. அதன்மேல் இன்னொரு வயலின் நம் பாணியில் பேசுகிறது. பாக்கை அசைக்கவில்லை, நம்மையும் நிறுத்தவில்லை. இரண்டையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார். தீட்சிதர் சகோதரர்கள் ஆளுக்கொரு வழியாகப் பிரித்துக்கொண்டதை இவர் ஒரே நேரத்தில் செய்து பார்த்தார். அதற்கு அவர் கொடுத்த விலை பாட்டு வரி. அந்தத் தட்டில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பின்பு மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட் அமைத்து, கீர்த்தனைகளுக்கு நான்கு தந்திக் கருவிகளில் ஹார்மனி கட்டினார். 1988இல் ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. என் ஓட்டு இன்னும் 1986க்குத்தான்.

இப்போது கிண்டிக்கு வருவோம். இங்குள்ள பொறியியல் கல்லூரி 1794இல் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. பாண்டு மெட்டும் அதே கோட்டையிலிருந்துதான் கிளம்பியது. கிண்டிக்கு வந்துசேர அதற்கு இன்னும் நாளாயிற்று. கல்லூரியின் டெக்கோஃபெஸ், பக்கத்து ஐ.ஐ.டி.யின் சாரங் என்று கலைவிழாக்கள் வளர்ந்த பிறகுதான் ராக் குழுக்களுக்கு இங்கே மேடையும் கூட்டமும் கிடைத்தன. ஐ.ஐ.டி.யில் படித்த கண்ணிகேஸ்வரன் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்துகொண்டு நோட்டு ஸ்வரங்களை ஆராய்ந்தார். ‘விஸ்மயா’ என்று இசைத்தட்டாகவும் கொண்டுவந்தார். அந்த வளாகத்து மரத்தடிகளுக்கும் நோட்டுக்கும் இப்படியும் ஓர் உறவு.

ஐந்தாம் பள்ளியான ராக்கில் தென்னாட்டுக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று கொச்சியின் மதர்ஜேன். அவர்களுடைய 2008ஆம் ஆண்டு ‘மக்தூப்’ தட்டில் பைஜு தர்மஜனின் கித்தார் கமகத்தை நாதஸ்வரம்போல் இழுத்தது. தம்பி தீட்சிதரின் வழி. மற்றொன்று பெங்களூரின் அகம். 2012இல் வந்த ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ தட்டில் தியாகராஜரின் ஹம்ஸநாதக் கிருதி ‘பண்டுரீதி கோலு’ புது உடை போட்டு வந்தது. பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் ஸ்வரம் பாடும் சில இடங்களில் கித்தார் வெறும் பின்சுவராக நின்றுவிடுகிறது என்பது என் குறை. கருவிகளும் குரலும் ஒரே கணக்கில் மோதி இறங்கும் இடங்களில் அந்தக் குறை மறந்துபோகிறது. இவர்களைப் பார்த்துக் கிளம்பிய கல்லூரிக் குழுக்களில் பல எதையும் விடத் தயாரில்லை. கமகமும் வேண்டும், ஹார்மனியும் வேண்டும், இரட்டை பேஸ் டிரம்மும் வேண்டும். நான் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையருகே நின்று கேட்டிருக்கிறேன். மூன்றும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டு வெறும் சத்தம் மிஞ்சும்.

பரங்கிமலை ராணுவப் பயிற்சிக் கழகத்தில் அணிவகுப்பு நாட்களில் பேக்பைப்பர்கள் வாசிப்பார்கள். ஸ்காட்லாந்தின் பிரிவுப் பாட்டு ‘ஆல்ட் லாங் சைன்’ அங்கே வழக்கம். ஐந்தே ஸ்வரம், அச்சு மோகனம். நான் ஒருமுறை அதை முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தேன். பாட்டு கற்கும் பேத்தி உடனே காந்தாரத்தை அசைத்துப் பாடிக் காட்டினாள். இரண்டாவது வரிக்குள் நடை நின்றுவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, தானாகவே அசைவை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.