'கிறிஸ்தவ' என்னும் கட்சிப் பெயர்

அரசியற் கட்சிகள் தம் கொள்கையை மாற்றிக்கொள்வது புதுமையன்று. கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்த கட்சி மாறும்போது திருச்சபை என்ன சொல்லும் என்பதே நம் வினா.

போருக்குப் பிந்திய ஜெர்மனியை நோக்குவோம். 1947 பிப்ரவரியில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின் கிறிஸ்தவ ஜனநாயக ஐக்கியம் ஆலன் நகரில் ஓர் அறிக்கையை ஏற்றது. முதலாளித்துவம் ஜெர்மானிய மக்களின் நலனுக்கு உதவவில்லை என்று அது துணிந்து கூறிற்று. நிலக்கரிச் சுரங்கங்கள் சமுதாய உடைமையாக வேண்டும் என்றது. 1949 ஜூலையில் வெளியான டியூசல்டார்ஃப் அறிக்கையோ 'சமூகச் சந்தைப் பொருளாதாரம்' என்னும் வேறு வழியைக் கைக்கொண்டது. இடைப்பட்ட காலம் இரண்டரை ஆண்டுகளே. பின்னைய வழி நாட்டிற்கு வளம் சேர்த்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் கிறிஸ்தவமாயின், அச்சொல்லுக்குப் பொருள் யாது?

மார்க்சியத்தில் வளர்ந்த சமூக ஜனநாயகக் கட்சியோ, 1959-இன் கோடஸ்பெர்க் திட்டத்தில், தன் சோஷலிசத்தின் வேர்களுள் ஒன்றாகக் கிறிஸ்தவ அறநெறியைக் குறித்தது. வாக்கு நாடிய செயல் என்பாருண்டு. 1957 தேர்தலில் எதிரணி பாதிக்கு மேல் வாக்குப் பெற்றதை எண்ணினால், அக்கூற்றை முற்றும் தள்ளுவதற்கில்லை.

குஸ்தாவ் ஹைனமன் ஜெர்மானிய சுவிசேஷத் திருச்சபையின் மாமன்றத் தலைவர். ஐக்கியத்தின் சார்பில் உள்துறை அமைச்சர். நாட்டை மீண்டும் ஆயுதபாணியாக்குவதை எதிர்த்து 1950-இல் பதவி துறந்தார். 1952-இல் கட்சியை விட்டார். 1957-இல் சமூக ஜனநாயகரோடு இணைந்தார். ஹிட்லர் காலத்தில் அவரைப்போலவே அறிக்கையிடும் திருச்சபையில் நின்ற ஹெர்மன் ஏலர்ஸோ ஐக்கியத்தில் நிலைத்து, 1950 முதல் 1954-இல் மரிக்கும்வரை நாடாளுமன்றத் தலைவராயிருந்தார்.