யாருக்கென்று கேட்காத கொடை

அப்பாவின் திவசத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் வாசிகசாலையில் வாங்குகளை ஓரமாக்கிவிட்டுக் கட்டில்களை விரிப்போம். இரத்த வங்கியின் வாகனம் காலையிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்துவிடும். சாமான்களை இறக்குவது தம்பியின் பொறுப்பு. வாசலில் மேசை போட்டுப் பெயர் பதிபவர் என் மனைவி. மகளுக்குப் பதினேழு வயது. கண்ணாடியை மறந்து வந்தவர்களுக்குப் படிவத்தை வாசித்துக் காட்டுவாள். "அடுத்த வருசம் நானும் படுப்பன்" என்று தாதியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு எழுபது. அறுபதைத் தாண்டியவர்களிடம் இலங்கையில் இரத்தம் எடுப்பதில்லை. அவர் பின்பக்கத்தில் தேத்தண்ணிக் கேத்திலோடு நிற்பார். கொடுத்துவிட்டு எழும்பி வருகிறவரைப் பிடித்து இருத்தி, "முழுக்கக் குடிச்சிட்டுப் போ ராசா" என்பார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அப்பாவின் கடைசி நாட்களில் வயிற்றுப் புண்ணால் இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. ஒன்பது பைந்து ஏற்றினார்கள். ஒன்றுக்கேனும் எங்களிடம் ஆள் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. அந்தியேட்டி முடிந்த அன்று அம்மா சொன்னார்: "ஒன்பது பேரின்ரை இரத்தம் அவற்றை உடம்பிலை ஓடினது. ஆர் எவரெண்டு தெரியாது. போய் நன்றி சொல்லவும் ஏலாது. திருப்பிக் குடுக்கத்தான் ஏலும்." அடுத்த ஆண்டே முகாம் தொடங்கியது.

இன்னொரு காட்சி திருச்சியில். தங்கச்சி அங்கே வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது நானும் அங்கே இருந்தேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். மாலையில் ஒருவர் வந்து, "ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணிடுங்க சார். உங்க ஆளுங்க வந்து கொடுத்தாத்தான் இங்க ரிலீஸ் பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சானின் முகம் அப்படியே வாடிப்போனது. அவருக்குச் சர்க்கரை வியாதி, ஊசி போட்டுக்கொள்பவர். தங்கச்சி ஓடிப்போய்க் கை நீட்டினாள், இரத்தத்தில் இரும்பு போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். நான் ஊரில் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரவு ஒன்பது மணிவரை தொலைபேசியில் சொந்தபந்தம் எல்லாரையும் கெஞ்சினோம். அந்தப் படிவத்தில் நோயாளியின் பெயருக்கும் படுக்கை எண்ணுக்கும் தனிக் கட்டங்கள் இருந்தன. அவை இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. எங்கள் வாசிகசாலைப் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

இரு நாட்டு இரத்ததானத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்தக் கட்டத்திலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

நோயாளியின் உறவினர் கொடுத்தால்தான் இரத்தம் என்ற முறைக்கு மாற்றுக் கொடை என்று பெயர். இலங்கையிலும் அது இருந்தது. படிப்படியாகக் குறைத்து, 2014 இல் முற்றாகக் கைவிட்டார்கள். அன்றிலிருந்து இங்கே ஏற்றப்படும் இரத்தம் முழுவதும் தன்னார்வமாகக் கிடைப்பது. இதைச் செய்ய முடிந்ததற்கு முதற்காரணம் நிர்வாகம். கொழும்பு நாரஹேன்பிட்டியில் தலைமையகம் கொண்ட தேசிய இரத்த மாற்றுச் சேவை ஒன்றே நாடு முழுவதற்கும் பொறுப்பு. பருத்தித்துறையில் எடுத்தாலும் மாத்தறையில் எடுத்தாலும் ஒரே பரிசோதனை, ஒரே கணக்கு. ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்திலிருந்து வரும். ஆண்டுக்கு நான்கு இலட்சம் பைந்துக்கு மேல் சேர்கிறது. ஒரு நாட்டுக்கு அதன் சனத்தொகையில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவு இரத்தம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு கோடி இருபது இலட்சம் பேர் உள்ள தீவுக்கு இது அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

இந்தியாவின் பாதை வேறு. அங்கே இரத்தம் காசுக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. வறுமையில் வாடியவர்கள் அடிக்கடி ஊசிக்குக் கை நீட்டினார்கள், அந்த இரத்தத்தோடு நோயும் போனது. ஒரு பொதுநல வழக்கில் 1996 சனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் அதற்கு முடிவு கட்டியது. 1998 முதல் காசுக்கு இரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. தேசிய இரத்த மாற்றுக் குழுமம் அமைந்தது, 2002 இல் தேசிய இரத்தக் கொள்கை வந்தது. ஆனால் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, செஞ்சிலுவைச் சங்கம், அறக்கட்டளை என்று ஆயிரக்கணக்கான இரத்த மையங்கள் அங்கே தனித்தனி உரிமத்தில் இயங்குகின்றன. தன் கையிருப்பைத் தானே காக்க வேண்டிய மையம், வாங்க வந்தவரிடமே "ஆள் கொண்டு வா" என்று கேட்பது பழகிப்போயிற்று. கொள்கை அதை விரும்பவில்லை, நடைமுறை விடவில்லை. இரத்தம் விற்பனைக்கு அல்ல, பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே வாங்கலாம் என்று 2024 இலும் அரசு நினைவூட்ட வேண்டியிருந்தது.

மாற்றுக் கொடையில் என்ன தவறு, தன் தாய்க்குத் தன் இரத்தத்தைக் கொடுப்பதை விட உயர்ந்தது உண்டா என்று மச்சான் கேட்டார். மருத்துவம் சொல்லும் பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். நெருங்கிய இரத்த உறவில் கொடுப்பதே சில வேளை ஆபத்து. தாய், தந்தை, பிள்ளை, கூடப்பிறந்தவர்களின் வெள்ளணுக்கள் நோயாளியின் அணுக்களோடு பாதி ஒத்திருக்கலாம். அதனால் உடல் அவற்றை அந்நியம் என்று அறியாமல் உள்ளே விட்டுவிடலாம். அவை அங்கே பெருகி, தங்கவிட்ட உடலையே தாக்கும். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. அதனால்தான் உறவினர் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும் என்கிறார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்குக் கணவனின் இரத்தத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அவள் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் பின்னால் கருவில் வரும் குழந்தையைத் தாக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு மனத்தில் நடக்கிறது. வாசலில் மாமா காத்திருக்க, உள்ளே வைத்தியர் "ஏதாவது நோய் உண்டா, அண்மையில் ஊசி போட்டீர்களா, ஆபத்தான தொடர்பு உண்டா" என்று கேட்டால், வந்த மருமகன் உண்மை சொல்வானா? சொன்னால் அறுவை நின்றுவிடும், ஊருக்கும் தெரிந்துவிடும். இரு நாட்டிலும் எச்.ஐ.வி., இருவகை ஈரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதனை உண்டு. ஆனால் தொற்றிய முதல் நாட்களில் எந்தச் சோதனையிலும் அகப்படாத ஓர் இடைவெளியும் உண்டு. அந்த இடைவெளியில் நமக்குக் காவல், கொடுப்பவரின் வாய்மை ஒன்றுதான். கட்டாயத்தின் பேரில் வந்து நிற்பவரிடம் வாய்மையை எதிர்பார்ப்பது கடினம்.

முகாமுக்கு ஆட்களைக் கூட்டுவதிலும் இரு நாட்டுக்கும் தனித்தனிப் பழக்கம். இலங்கையின் தெற்கில் பௌர்ணமிப் போயா நாளில், வெசாக் காலத்தில், விகாரை மண்டபங்களில் முகாம் நடக்கும். இறந்த தாய் தந்தையின் நினைவாகப் பிள்ளைகள் கூடி முகாம் நடத்தி அந்தப் புண்ணியத்தை அவர்களுக்கு அர்ப்பணிப்பது சிங்களக் குடும்பங்களில் பரவலான வழக்கம். பௌத்தம் தானத்தை மூன்று படியாகச் சொல்கிறது: பொருளைக் கொடுப்பது, உடலின் ஒரு பகுதியைக் கொடுப்பது, உயிரையே கொடுப்பது. இரத்ததானம் இரண்டாம் படி. எங்கள் பக்கத்தில் வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று இடம் மாறுகிறது, கருத்து அதேதான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நாளில் நாரஹேன்பிட்டியில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று சனம் வரிசையில் நின்றது. இப்போதைக்குப் போதும் என்று சொல்லவேண்டிய அளவுக்குக் கூட்டம் வந்தது.

தமிழ்நாட்டில் கூட்டுவது பெரும்பாலும் இயக்கம். கமல்ஹாசன் தன் ரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றியபின் நடிகரின் பிறந்தநாளும் இரத்ததானமும் ஒட்டிக்கொண்டன. கட்சிகள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், தவ்ஹீத் ஜமாஅத் போன்ற முஸ்லிம் அமைப்புகள் என்று பலரும் இதில் முன்னிற்கிறார்கள். அன்றிரவு திருச்சியில் எங்களைக் காப்பாற்றியவர்களும் அப்படி வந்தவர்களே. ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியைப் பார்த்து, இரவு பத்தரைக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் கல்லூரி மாணவர், மற்றவர் நகல் எடுக்கும் கடையில் வேலை செய்பவர். கொடுத்தார்கள், பழச்சாறு குடித்தார்கள். தங்கச்சி பெட்ரோலுக்குப் பணம் நீட்டியபோது, "வேணாம்க்கா, அம்மா நல்லா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தெரியாத ஒருவருக்காக இரவில் வண்டியை எடுக்கும் அந்த வேகம் எங்கள் தீவில் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை என்பதும் உண்மை.

இயக்கத்திலும் சரி, ரசிகர் மன்றத்திலும் சரி, கட்டிலில் படுப்பவர் பெரும்பாலும் இளைஞர். பெண்கள் மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தங்கச்சியைத் திருப்பி அனுப்பியதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். தாழ்ந்தால் கொடுக்கலாம். அவளுடைய துளி நடுவில் தயங்கி மேலே மிதந்தது. அன்றுதான் என் உடம்பைப் பற்றி முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன் என்றாள். முருங்கைக்கீரையும் மாத்திரையுமாக ஆறு மாதம் பார்த்துக்கொண்டாள்.

குடும்பமாக இதில் இறங்குவதன் அருமை இங்கேதான் தெரிகிறது. தனியாக வருபவருக்குக் கொடுக்கலாம் அல்லது திரும்பிப் போகலாம், வேறு வேலை இல்லை. குடும்பமாக வந்தால் யாருமே வீணாகத் திரும்புவதில்லை. கொடுக்க முடியாத அம்மா தேத்தண்ணி ஊற்றுகிறார், வயது வராத மகள் படிவம் எழுதுகிறாள், துளி மிதந்த தங்கச்சி அடுத்த முறைக்கு உடம்பைத் தேற்றுகிறாள். தாய் ஊசி குத்தக் கை நீட்டுவதைப் பார்த்த பிள்ளைக்குப் பதினெட்டில் பயம் இருக்காது. கொடையாளிகளை உருவாக்க அதைவிட நல்ல பாடசாலை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரு நாடும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. இலங்கை முறையின் பலவீனம், எல்லாரும் ஒரே பருவத்தில் கொடுப்பது. சிவப்பணுக்களை ஐந்து, ஆறு வாரம் வைத்திருக்கலாம். குருதித்தட்டுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. வெசாக்கில் வழிந்து, வேறு மாதத்தில் வற்றினால், குருநாகல் தலசீமியா நிலையத்தில் சில வாரத்துக்கொரு முறை இரத்தம் ஏற்றியாகவேண்டிய பிள்ளைகளுக்கு எந்தப் பண்டிகையும் உதவாது. இங்கே கொடைக்கும் கொடைக்கும் நான்கு மாத இடைவெளி. வீட்டில் மூவர் இருந்தால் மாதத்தைப் பிரித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஒருவர் மாறி ஒருவர் இரத்த வங்கிக்கே நேரில் போகலாம். திருச்சி இளைஞர்களின் வேகத்தை இந்த ஒழுங்குக்குள் கொண்டுவந்தால் போதும்.

இந்தியாவுக்கு ஒரே நாளில் ஒரே நிர்வாகம் வந்துவிடாது. நூற்று நாற்பது கோடி சனம், ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் யூனிட். ஆனால் ஒரு வீடு முடிவெடுக்க அரசாணை வேண்டாம். அங்கே விதிகள் இன்னும் இடம் தருகின்றன. 65 வயது வரை கொடுக்கலாம், 45 கிலோ எடை இருந்தால் போதும், ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. நம் வீட்டில் நோயாளி படுத்த பிறகு ஓடுவதை விட்டு, யாரும் படுக்காத நாளில் போய்க் கொடுத்தால், அடுத்த வீட்டு நோயாளியின் மகன் இரவெல்லாம் தொலைபேசியோடு நிற்க வேண்டியதில்லை.

நம் கதைகளும் இதையே சொல்கின்றன. சோழர்கள் தங்கள் முன்னோன் என்று கொண்டாடிய சிபி, ஒரு புறாவுக்காகத் தன் தசையை அரிந்தான். பௌத்தரின் சிவி சாதகத்தில் அதே பெயருள்ள அரசன், வந்து கேட்ட குருடன் ஒருவனுக்குத் தன் கண்களைக் கொடுக்கிறான். பாக்குநீரிணையின் இரு கரையிலும் வழங்கும் இரண்டு சிபியும் தன் பிள்ளைக்கோ தாய்க்கோ கொடுத்ததாகக் கதை இல்லை.

போன ஆண்டு தங்கச்சி தன் தெருவில் முதல் முகாமை நடத்தினாள். அரசு இரத்த மையத்திலிருந்து வந்தார்கள். இம்முறை அவளுடைய துளி தாழ்ந்தது. ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிட்ட மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பழச்சாறு கொடுத்தார். அன்று மாலை அவர் அம்மாவோடு தொலைபேசியில் பேசினார்.

"முப்பத்தெட்டு பேர் கொடுத்தாங்க சம்பந்தி. எங்க போகுது, யாருக்குப் போகுதுன்னுதான் ஒண்ணும் தெரியலை."

அம்மா சொன்னார்: "எங்களுக்கு வந்ததும் அப்பிடித்தானே."